ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தை நோயாளி: பெங்களூருக்குப் புதிதாக வரும் டாக்டர், நர்ஸ், ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்கு

பெங்களூரில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கர்நாடக அரசின் சிறு கிளினிக்கான ‘நம்ம கிளினிக்’கிலோ வேலைக்குச் சேர்ந்திருக்கிற தமிழ் பேசுபவர்களுக்காக இதை எழுதுகிறோம். அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் பக்கம் போஸ்டிங் கிடைத்தால் வரிசையில் நிற்கும் அம்மாக்களில் பலர் தமிழிலேயே பேசுவார்கள். ரெஜிஸ்டரும் சுவரில் ஒட்டிய சார்ட்டும் கன்னடத்தில் இருக்கும். ஜ்வரா (காய்ச்சல்), கெம்மு (இருமல்), பேதி, வாந்தி, உசிரு (மூச்சு), ஹாலு (பால்) ஆகிய ஆறு வார்த்தைகள் தெரிந்தால் முதல் வாரத்தை ஓட்டிவிடலாம். தர்மபுரியிலும் வேலூரிலும் புதன்கிழமை தடுப்பூசிக்குப் பழகியவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கர்நாடகத்தில் அது பெரும்பாலும் வியாழக்கிழமை. அன்று ஓபியில் குழந்தைக் கூட்டம் இரட்டிப்பாகும்.

5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு இங்கே தேவைப்படும் மருந்துகளைப் பத்து விரலில் எண்ணிவிடலாம். மருந்து இல்லாமல் கைவிட்டுப் போகும் குழந்தைகளைவிட, எண்ணாமல், எடை பார்க்காமல், முதல் டோஸைக் கண்முன்னால் கொடுக்காமல் கைவிட்டுப் போகும் குழந்தைகள்தான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரை பெரும்பாலும் எதை எந்த வரிசையில் செய்வது என்பதைப் பற்றியது. பின்பற்றுவது ஐஎம்என்சிஐ முறையை, அதாவது குழந்தை நோய்களை ஒருங்கிணைத்துப் பார்க்கும் முறையை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களில் உருவாக்கிய முறையில், பிறந்த முதல் வாரக் குழந்தைகளையும் சேர்த்து இந்தியா தனக்கென்று மாற்றிக்கொண்ட வடிவம் அது. உங்கள் அறையில் இருக்கும் புதிய சார்ட்டில் மருந்தோ அளவோ மாறியிருந்தால் அதன்படியே போங்கள்.

வரிசையில் நிற்கும்போதே

டோக்கன் எண்படி கூப்பிடுவது நியாயம்தான். ஆனால் 43ஆம் டோக்கனில் ஒரு குழந்தை துவண்டு கிடக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து வரிசையை நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு அம்மாவிடமும் நான்கு கேள்விகள் போதும்.

“பால் குடிக்கிறானாம்மா, தண்ணி குடிக்கிறானா?” “எதைக் குடுத்தாலும் வெளிய வந்துடுதா, ஒரு வாய்கூட நிக்கலையா?” “இந்தக் காய்ச்சல்ல வலிப்பு ஏதாவது வந்துச்சா?” நான்காவதைக் கேட்க வேண்டாம், பாருங்கள்: குழந்தை உங்களைப் பார்க்கிறதா, இல்லையா?

இந்த நான்கில் ஒன்று சரியில்லை என்றாலும் அது அபாய அறிகுறி. அந்தக் குழந்தை டோக்கனைத் தாண்டி உள்ளே வர வேண்டும். அம்மா சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். “குடிக்கல” என்றால் உங்கள் முன்னால் மார்பில் போடச் சொல்லுங்கள், அல்லது ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். மூக்கு அடைத்த குழந்தை பால் குடிக்கத் திணறும். மூக்கைச் சுத்தம் செய்தால் குடித்துவிடும். அது வேறு, குடிக்கவே முடியாதது வேறு.

வரிசையில் காதில் விழும் பேச்சில் எங்களை அதிகம் பயமுறுத்துவது, “ராத்திரி பூரா தூங்கல சிஸ்டர், இப்பதான் தூங்குறான்” என்பது. பத்தில் ஒன்பது முறை அது வெறும் தூக்கம். பத்தாவது குழந்தைக்காக எழுப்பித்தான் பார்க்க வேண்டும். அம்மாவைக் கூப்பிடச் சொல்லுங்கள், கையைத் தட்டுங்கள், துணியை விலக்குங்கள். சிணுங்கி, கண் திறந்து, அம்மா முகத்தைத் தேடினால் சரி. கண் திறந்தும் வெறித்துப் பார்த்தால், அல்லது திறக்கவே இல்லை என்றால், மற்ற வேலையை நிறுத்துங்கள்.

மூச்சை எண்ணுவது

தெர்மாமீட்டர், எடை மெஷின், ஸ்டெதாஸ்கோப் எல்லாம் பிறகு. உள்ளே வந்ததும் முதல் வேலை மூச்சை எண்ணுவதுதான். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்த மறுகணம் குழந்தை அழ ஆரம்பிக்கும். அழும் குழந்தையின் மூச்சை எண்ணி ஒரு பயனும் இல்லை. புதியவர்கள் செய்யும் தவறுகளில் அதிகம் பார்ப்பது இந்த வரிசை மாறுவதைத்தான்.

குழந்தை அம்மா மடியிலேயே இருக்கட்டும். பெங்களூர்க் குளிருக்கு ஸ்வெட்டர், அதன்மேல் துண்டு, தலையில் மங்கி கேப் என்று சுற்றி வருவார்கள். சட்டையை மட்டும் மெல்ல மேலே தூக்கி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி செய்யுங்கள். நொடிமுள் உள்ள வாட்ச் அல்லது போன் ஸ்டாப்வாட்ச் போதும். முழுதாக 60 நொடி எண்ண வேண்டும். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, ஏனென்றால் கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. சில நொடி வேகமாகவும் சில நொடி நின்றும் போகும். சில நிலையங்களில் இதற்கென்றே சின்ன டைமர் இருக்கும். அது 30 நொடியில் ஒருமுறையும் 60 நொடியில் ஒருமுறையும் ஒலிக்கும். முதல் ஒலியிலேயே நிறுத்திவிட்டு “28தான், நார்மல்” என்று எழுதிய ரெஜிஸ்டர்கள் உண்டு. அந்தக் குழந்தையின் உண்மையான எண் 56.

வேகம் என்று சொல்லும் எல்லை வயதைப் பொறுத்தது. 2 மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60 அல்லது மேல். 2 மாதம் முதல் 12 மாதம் வரை 50 அல்லது மேல். 12 மாதம் முதல் 5 வயது வரை 40 அல்லது மேல். 11 மாதக் குழந்தைக்கு 46 என்றால் வேகமில்லை. 13 மாதக் குழந்தைக்கு அதே 46 வேகம். அதனால் வயதை மாதத்தில் கேளுங்கள். “ஒரு வயசு ஆகப்போகுது” என்ற பதில் இங்கே உதவாது; தடுப்பூசி அட்டையில் பிறந்த தேதியைப் பாருங்கள். 2 மாதத்துக்குக் கீழே 60 அல்லது மேல் வந்தால் இன்னொரு முறை எண்ண வேண்டும். இரண்டாவது முறையும் அப்படியே வந்தால்தான் கணக்கு.

பால் குடித்துக்கொண்டிருக்கும்போது எண்ணாதீர்கள். கடும் காய்ச்சலில் மூச்சு கூடுவது உண்மைதான். அதைச் சொல்லி எண்ணை ஒதுக்கிவிடக் கூடாது. எல்லையைத் தாண்டியிருந்தால் தாண்டியதுதான்.

எண்ணி முடித்ததும் நெஞ்சின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். மூச்சு உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா? விலாக்களுக்கு நடுவே மட்டும் லேசாக உள்வாங்குவது இதில் சேராது. அழும்போது மட்டும், பால் குடிக்கும்போது மட்டும் வருவதும் சேராது. குழந்தை இடுப்பில் மடங்கி உட்கார்ந்திருந்தால் சரியாகத் தெரியாது. மடியில் நேராகப் படுக்கவையுங்கள். 2 மாதத்துக்குக் கீழே நெஞ்சுக்கூடு மென்மையாக இருப்பதால் லேசான உள்வாங்கல் இயல்பு. ஆழமாக, பார்த்ததும் தெரிகிற மாதிரி இருந்தால்தான் கவலை.

பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் நல்லது. பெரியவர்களின் விரல் கிளிப்பைக் கைக்குழந்தையின் விரலில் மாட்டினால் ஏதோ ஒரு எண் வரும், அதை நம்ப முடியாது. குழந்தைகளுக்கான சென்சார் இல்லையென்றால் கால் கட்டைவிரலில் வைத்துப் பாருங்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். திரையில் காட்டும் நாடித்துடிப்பு உங்கள் கையில் எண்ணும் துடிப்போடு ஒத்துப்போன பிறகே ஆக்சிஜன் எண்ணைப் படிக்க வேண்டும். 90க்குக் கீழே என்றால் அனுப்ப வேண்டியதுதான்.

வேகமான மூச்சு மட்டும், அபாய அறிகுறி எதுவும் இல்லை என்றால் நிமோனியா, வீட்டில் வைத்தே பார்க்கலாம். 5 நாள் அமாக்ஸிசிலின், நாளுக்கு இரண்டு வேளை. கரையும் 250 மில்லிகிராம் மாத்திரையில் கணக்கு இப்படி: 4 முதல் 10 கிலோவுக்குள் வேளைக்கு ஒன்று, 10 முதல் 14 கிலோவுக்குள் இரண்டு, 14 முதல் 19 கிலோ வரை மூன்று. நெஞ்சு உள்வாங்கும் குழந்தையை டாக்டர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அபாய அறிகுறி இருந்தாலோ, அமைதியாக இருக்கும்போதே மூச்சிழுக்கையில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தாலோ, முதல் டோஸ் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

வீசிங், அதாவது மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம், இருந்தால் அவசரப்பட்டு நிமோனியா என்று எழுத வேண்டாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 15 முதல் 20 நிமிட இடைவெளியில் மூன்று முறை வரை கொடுத்து, மறுபடி எண்ணுங்கள். மூச்சு எல்லைக்குள் வந்து, நெஞ்சு உள்வாங்குவதும் நின்றால் ஆண்டிபயாட்டிக் தேவைப்படாது. ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குடுவை) இல்லை என்று கைவிரிக்க வேண்டாம். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் நுழையும் அளவு ஓட்டை போட்டால் வேலை நடக்கும்.

சளி, இருமல் மட்டும் என்றால் இருமல் சிரப் எழுதாதீர்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது தமிழ்நாட்டில். அதற்குப் பிறகு மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து கூடாது, 5 வயதுக்குக் கீழும் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. நச்சுக் கலக்காத சிரப்கூட இந்த வயதில் பெரிதாக உதவுவதில்லை. “வெறுங்கையோட அனுப்புறீங்களே” என்பார்கள். 6 மாதம் தாண்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர், எல்லாருக்கும் அடிக்கடி பால், மூக்குக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு, ஒரு வயது தாண்டியிருந்தால் கொஞ்சம் தேன். சொல்ல ஒரு நிமிடம் ஆகும், சிரப் எழுத ஐந்து நொடி. சிக்கலே அங்கேதான்.

வயிற்றுப்போக்கு

எத்தனை நாளாக, ரத்தம் உண்டா என்று கேளுங்கள். 14 நாளைத் தாண்டினால் அது வேறு வகை, டாக்டரிடம் போகட்டும். ரத்தம் இருந்தால்தான் ஆண்டிபயாட்டிக் பேச்சு. காலரா சந்தேகம் தவிர, மற்ற எந்தப் பேதிக்கும் அது வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

பிறகு நீரிழப்பைப் பாருங்கள். நான்கு இடம்: குழந்தையின் நிலை, கண், தண்ணீர் குடிக்கும் விதம், வயிற்றுத் தோல். தோலைத் தொப்புளுக்கும் வயிற்றின் பக்கவாட்டுக்கும் நடுவே, உடலின் நெடுக்கில் மடிப்பு வரும்படி கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, ஒரு நொடி வைத்து விடுங்கள். விரல் நுனியால் கிள்ளினால் வலிக்கும், சரியாகவும் தெரியாது. திரும்ப 2 நொடிக்கு மேல் ஆனால் ‘மிக மெதுவாக’ என்று கணக்கு. குண்டுக் குழந்தைக்கு நீரிழப்பு இருந்தும் தோல் உடனே திரும்பும். மெலிந்த குழந்தைக்கு நீரிழப்பு இல்லாமலேயே மெதுவாகத் திரும்பும். அதனால்தான் நான்கில் இரண்டு அறிகுறி இருந்தால் மட்டுமே ஒரு வகையில் சேர்க்கிறோம்.

சிடுசிடுப்பு, குழிந்த கண், தாகமாக இழுத்துக் குடிப்பது, மெதுவாகத் திரும்பும் தோல்: இவற்றில் இரண்டு இருந்தால் ஓரளவு நீரிழப்பு. துவண்ட நிலை, குழிந்த கண், குடிக்க முடியாமை, மிக மெதுவாகத் திரும்பும் தோல்: இவற்றில் இரண்டு என்றால் கடும் நீரிழப்பு, உடனே நரம்பு வழியாக ரிங்கர் லாக்டேட் திரவம். கிலோவுக்கு 100 மில்லி. ஒரு வயதுக்குக் கீழே முதல் 30 மில்லி 1 மணி நேரத்தில், மீதி 70 மில்லி 5 மணி நேரத்தில். ஒரு வயதுக்கு மேல் 30 மில்லி அரை மணியில், 70 மில்லி இரண்டரை மணியில். நரம்பு கிடைக்காவிட்டால் ஊசியோடு போராடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். குடிக்க முடிந்த அளவு ஓஆர்எஸ் ஊட்டிக்கொண்டே அனுப்புங்கள்.

ஓரளவு நீரிழப்புக்கு ஓஆர்எஸ் கிலோவுக்கு 75 மில்லி, 4 மணி நேரத்தில். 8 கிலோ குழந்தைக்கு 600 மில்லி, அதாவது 200 மில்லி டம்ளரில் மூன்று. மணிக்கு 150 மில்லி. அம்மாவுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். “ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு டீஸ்பூன்” என்று சொல்லுங்கள். 5 மில்லி ஸ்பூனில் அது சரியாக மணிக்கு 150 மில்லி வரும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். அம்மாக்கள் தாகத்தைப் பார்த்து டம்ளரோடு வாயில் வைப்பார்கள், முழுவதும் வாந்தியாக வரும், “ஓஆர்எஸ் ஒத்துக்கல” என்று நிறுத்திவிடுவார்கள். நிலையத்தில் ஓஆர்எஸ் கொடுக்க ஒதுக்கிய மூலையில் ஸ்பூன் இல்லாவிட்டால் தினமும் இதைப் பார்க்கலாம். மேஜை, போஸ்டர் எல்லாம் இருக்கும். காய்ச்சி ஆறிய தண்ணீர், 1 லிட்டர் அளவு ஜக், டம்ளர், ஸ்பூன், கடிகாரம் இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். நம்ம கிளினிக் பொதுவாக மாலை 4.30க்கு மூடும். 12.30க்கு மேல் வரும் குழந்தைக்கு 4 மணி நேரம் முடியாது. மூடும் நேரத்தில் பாதியில் கையில் பாக்கெட்டைத் திணித்து அனுப்புவது சரியில்லை. மதியத்துக்கு மேல் வந்தால் ஆரம்பத்திலேயே முடிவெடுங்கள்: முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழந்தை நன்றாகக் குடித்துத் தெளிகிறது என்றால் மீதி அளவை டம்ளர் கணக்கில் சொல்லி, அம்மாவையே உங்கள் முன்னால் ஒரு பாக்கெட் கலக்க வைத்து அனுப்பலாம். தெளியவில்லை என்றால் 24 மணி நேர ஆஸ்பத்திரிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே.

கலப்பதில் நடக்கும் தவறுகள் ஏராளம். 20.5 கிராம் பாக்கெட் 1 லிட்டருக்கு. முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டும். “கொஞ்சம் கொஞ்சமா டம்ளர்ல போட்டுக் குடுத்தேன்” என்றால் உப்பு கூடியோ குறைந்தோ போயிருக்கும். கூடினால் குழந்தைக்கு ஆபத்து. வீட்டில் லிட்டர் அளவு இல்லை என்றால் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கும். கலந்த பிறகு காய்ச்சக் கூடாது, சர்க்கரை சேர்க்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 200 மில்லி பாக்கெட்டும் கடைகளில் உண்டு. உங்களிடம் உள்ளது எது என்று பார்த்துச் சொல்லுங்கள். பழச்சாறு டெட்ராபேக்கை ‘ஓஆர்எஸ்’ என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடை செய்தது. ஆனாலும் பழக்கம் போகவில்லை, பெட்டிக்கடையில் கேட்டு வாங்குகிறார்கள். அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. மிகையான சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும். கஞ்சித் தண்ணீர், உப்பு போட்ட மோர், பருப்புத் தண்ணீர், இளநீர் எல்லாம் நல்லது. 6 மாதத்துக்குக் கீழே தாய்ப்பாலும் ஓஆர்எஸ்ஸும் மட்டும்.

வீட்டில், ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயது வரை 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி.

துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க், 14 நாள். 2 முதல் 6 மாதம் வரை 10 மில்லிகிராம், அதாவது 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி; அதற்கு மேல் ஒன்று. ஸ்பூனில் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டுக் கரைத்துக் கொடுக்கலாம். மூன்றாம் நாள் பேதி நின்றதும் நிறுத்திவிடுவார்கள். “இது இப்ப வந்த பேதிக்கு மட்டும் இல்லம்மா, அடுத்த ரெண்டு மூணு மாசம் திரும்ப வராம இருக்கவும்தான்” என்று சொன்னால் தொடர்கிறார்கள். வெறுமனே “14 நாள் குடுங்க” என்றால் தொடர்வதில்லை.

அம்மா சொல்லும் வார்த்தைகள்

“பல் முளைக்கிற பேதி”, “மாந்தம்”, “உரம் விழுந்திருக்கு”, “தொக்கம்”, “அம்மா வந்திருக்கா”. இதையெல்லாம் கேட்டு முகம் சுளித்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், மறைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கேள்வி வையுங்கள். மாந்தம் என்றால்: எத்தனை முறை போச்சு, வயிறு உப்பியிருக்கா? உரம், அதாவது சுளுக்கு, என்றால்: அழுகை நிற்கவே இல்லையா, உரம் எடுக்கிறேன் என்று தலைகீழாகப் பிடித்தார்களா? தொக்கம், அதாவது சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டது என்று, எடுக்கப் போயிருந்தால்: எத்தனை நாள் தள்ளிப்போச்சு, எதையாவது வாயில் ஊற்றினார்களா? எண்ணெயோ கஷாயமோ மூச்சுக்குழாயில் போயிருந்தால் வேகமான மூச்சுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

“அம்மா வந்திருக்கா” என்றால் மாரியம்மன் கோயிலுக்குத்தான் முதலில் போவார்கள். வேப்பிலை கட்டட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் தட்டம்மையா, சின்னம்மையா என்று நீங்கள் பார்த்தாக வேண்டும். தட்டம்மையில் காய்ச்சலோடு தடிப்பு, கூடவே இருமல், மூக்கொழுகல், சிவந்த கண். வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும், தகவல் தெரிவிக்க வேண்டும், வாய்ப்புண்ணும் கண்ணும் பார்க்க வேண்டும். பத்தியம் என்று சோற்றையும் பாலையும் நிறுத்திவிடுவதுதான் பெரிய கேடு. “அம்மனுக்குப் பிடிச்ச கூழும் மோரும் குடுங்க” என்று சொன்னால் சாப்பாடு நிற்காது.

காய்ச்சல்

அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல். கழுத்து விறைப்பு, அபாய அறிகுறி, 7 நாளைத் தாண்டிய காய்ச்சல்: இவை எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

பெங்களூரில் மழை தொடங்கியதும் டெங்கு. கர்நாடக அரசு 2024இல் டெங்குவைத் தொற்றுநோயாக அறிவிக்கும் அளவுக்குப் போனது. புதியவர்கள் ஏமாறுவது காய்ச்சல் இறங்கும் நாளில். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும், அம்மாவுக்கு நிம்மதி, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. “காய்ச்சல் விட்டதும் ரெண்டு நாள் இன்னும் கவனமாப் பாருங்க. வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லுன்னு ஆவறது, ஒன்னுக்குப் போகாம இருக்கறது, எது வந்தாலும் உடனே வாங்க” என்று காய்ச்சல் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை முதல் 5 நாளுக்குள் பயன்படும், பிறகு ஐஜிஎம் பரிசோதனை. ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம்.

பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணிக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கைத் தாண்டாமல். இதில் ஒரு கொடிய குழி இருக்கிறது. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் வேண்டும். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம், ஆக 1.5 மில்லி. 5 மில்லியில் 125 உள்ள சிரப்பில் 6 மில்லி. 250 உள்ள சிரப்பில் 3 மில்லி. வீட்டில் சொட்டு மருந்து பாட்டில் இருக்க, நீங்கள் சிரப்பை நினைத்து “6 மில்லி குடுங்க” என்றால் நான்கு மடங்கு போய்விடும். அம்மா கையில் இருக்கும் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். லேபிளைப் படித்த பிறகே மில்லியைச் சொல்லுங்கள்.

காதில் சீழ் என்றால் சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, நனைந்ததும் மாற்றி, காயும்வரை செய்யச் சொல்லுங்கள். பூண்டு எண்ணெய் வேண்டாம். காதுக்குப் பின்னால் வலியோடு வீங்கியிருந்தால் அனுப்புங்கள்.

2 மாதத்துக்குக் கீழே

இந்த வயதில் “பார்க்கலாம்” என்பதற்கு இடமே இல்லை. சரியாகப் பால் குடிக்காமை, வலிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, ஆழமான நெஞ்சு உள்வாங்கல், 37.5க்கு மேல் அல்லது 35.5க்குக் கீழே உடல் சூடு, தட்டினால் மட்டும் அசைவது: ஒன்று இருந்தாலும் கடும் தொற்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல்தான் வரும் என்றில்லை, உடல் சில்லிட்டும் போகலாம். உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானால் அதுவும் அவசரம். முதல் டோஸ் ஆண்டிபயாட்டிக் கொடுத்து, பாலூட்டச் சொல்லி, அம்மா நெஞ்சோடு தோல் படும்படி கட்டி, மேலே போர்த்தி அனுப்புங்கள். இதில் போர்த்துவது மறந்துபோகும். ஆம்புலன்ஸில் குளிர்ந்து போய்ச் சேரும் குழந்தைக்குப் பாதி சிகிச்சை வீணாகிவிடும்.

எடை, கைச் சுற்றளவு

எடை இல்லாமல் மருந்தளவு இல்லை. மெஷின் பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள், ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். குழந்தைக்கான தராசு கெட்டுப்போயிருந்தால் அம்மாவோடு சேர்த்து நிறுத்துக் கழியுங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை இடது மேற்கையின் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள், 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, 12.5 வரை மிதமானது. ஸ்வெட்டர் மேல் சுற்றினால் எல்லாக் குழந்தையும் நார்மல்தான். இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழுகிறதா என்றும் பாருங்கள். வீக்கத்தைப் பார்த்துக் “கொழுகொழுன்னு இருக்கான்” என்பவர்களும் உண்டு.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது

அனுப்புகிறோம், ஆனால் போய்ச் சேர்வதில்லை. காரணம் கேட்டால் இதுதான் வரும்: வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், கணவர் வேலைக்குப் போயிருக்கிறார், ஆட்டோவுக்குப் பணமில்லை, அங்கே கன்னடத்தில் பேச பயம், அட்மிட் பண்ணினால் எத்தனை நாளோ. “போங்க” என்ற ஒரு வார்த்தை இதில் எதையும் தீர்க்காது. எது தடை என்று கேட்டு, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆஷாவிடம் சொன்னால் மற்றப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு செய்வார். 108 இலவசம் என்று பலருக்குத் தெரியாது. மாமியாரோ கணவரோ முடிவெடுப்பவர் என்றால் அங்கேயே போனில் பேசுங்கள்.

எங்கே என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கென்றே நிம்ஹான்ஸ் பக்கம் இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி, தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமாக கே.ஆர். மார்க்கெட் அருகே வாணி விலாஸ். சிவாஜிநகர்க்காரர்களுக்கு பௌரிங் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே. சீட்டில் இவை இருக்க வேண்டும்: பெயர், வயது மாதத்தில், எடை, மூச்சு எண், என்ன அபாய அறிகுறி, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், உங்கள் போன் எண். “ரெஃபர்ட் டு ஹையர் சென்டர்” என்று மட்டும் எழுதிய சீட்டால் அங்கே எல்லாமே முதலிலிருந்து தொடங்கும்.

கிளம்பும் முன் குழந்தைக்குச் சர்க்கரை இறங்காமல் பார்க்க வேண்டும். தாய்ப்பால், முடியாவிட்டால் பீய்ச்சிய பாலோ சர்க்கரைத் தண்ணீரோ 30 முதல் 50 மில்லி. 200 மில்லி தண்ணீரில் தலைதட்டிய 4 டீஸ்பூன் சர்க்கரை. மயங்கிய குழந்தைக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் மட்டும்.

அட்டை

பிரசவத்துக்குத் தாய்வீடு போய் மூன்று மாதம் கழித்துத் திரும்புவார்கள். அட்டை கிருஷ்ணகிரியில் பீரோவில் இருக்கும். “ஊசி எல்லாம் போட்டாச்சு” என்பதை நம்பி விடவும் வேண்டாம், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். ஊரிலிருந்து அட்டையை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இங்கே கர்நாடகத்தில் அதைத் தாயி கார்டு என்பார்கள். தமிழ்நாட்டு அட்டை செல்லாது என்று யாராவது திருப்பி அனுப்பினால் அது தவறு. லேசான சளி, பேதி, காய்ச்சலுக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். அவசரமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் குழந்தைக்கு மட்டும் அன்று வேண்டாம்.

முதல் டோஸ், மறு வருகை

எந்த மருந்தானாலும் முதல் டோஸை அம்மாவே கலந்து உங்கள் முன்னால் கொடுக்க வேண்டும். 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாம். பிறகு “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்காதீர்கள், எல்லாருமே தலையாட்டுவார்கள். “ராத்திரி எத்தனை மணிக்கு, எவ்வளவு குடுப்பீங்க?” என்று கேளுங்கள்.

நிமோனியாவும் காய்ச்சலும் 2 நாளில் திரும்ப வர வேண்டும், பேதி 5 நாளில். ஒரு தனி நோட்டில் பெயர், போன், வர வேண்டிய தேதி மட்டும் எழுதி வைத்து, மாலை மூடும் முன் அன்று வராதவர்களுக்கு ஒரு அழைப்பு. இங்கே வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும், எண்ணும் மாறும். பக்கத்து வீட்டு எண்ணையும் வாங்கி வையுங்கள். நிமோனியாக் குழந்தை வராவிட்டால் மறுநாள் காலை ஆஷா வீட்டுக்குப் போகட்டும், டைமரை எடுத்துக்கொண்டு.